நாறுதுன்னு சொன்னவ

ஒர்னெல்லாவுக்கு இப்பல்லாம் அவ மூக்குதான் எதிரி. கண்ணை மூடிக்கலாம், காதைப் பொத்திக்கலாம், மூக்கை என்ன பண்றது? எவ்ளோ நேரம்தான் மூச்சு விடாம உக்காந்திருக்கறது?

அவ வேலை பாக்கற போஸ்ட் ஆபீஸ் கவுன்டர். எதிர்ல ஒரு பெரியவர். விரலை நாக்குல வெச்சு நல்லா நனைச்சு, அந்த விரலாலயே ஃபாரத்தைப் புரட்டி, கண்ணாடிக்கு அடியில உள்ள தள்றார். அவ விரல்ல அந்த ஈரம் பிசுக்குனு ஒட்டுது. வருஷக்கணக்கா இதே பெரியவர், இதே நாக்கு. ஒரு நாளும் அவளுக்கு ஒண்ணும் தோணினதில்ல. இப்போ அடிவயித்துலேர்ந்து என்னமோ கிளம்பி நேரா தொண்டைக்கு வருது. டக்குனு கர்ச்சீஃபை வாயில அமுக்கி இருமற மாதிரி நடிச்சா.

"இன்னும் ஜலதோஷம் விடலையாம்மா?"

"விடல மாமா. இந்த வருஷம் பிடிச்சா உடும்புப் பிடியா இருக்கு."

ஜலதோஷமாவது மண்ணாவது. வயித்துல புள்ள. ரெண்டு மாசம் தாண்டிருச்சு. விஷயம் தெரிஞ்சவங்க, பக்கத்து டவுன் டாக்டரை விட்டா, ரெண்டே பேர். அவ, அப்புறம் அவ புருஷன் எத்தோரே. மூணு மாசம் முடிஞ்சு ஸ்கேன்ல நல்லபடியா பாக்கற வரைக்கும் வேற ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னு எத்தோரே தலையில அடிச்சு சத்தியம் வாங்கி வெச்சிருக்கா. "எங்கம்மாவுக்குக் கூடவா?"ன்னு கேட்டான். "உங்கம்மாவுக்குத்தான் முக்கியமா"ன்னுட்டா.

ஏன்னா காஸ்தெல்மூரா அப்படிப்பட்ட ஊரு. மலை மேல ஒரே ஒரு நீளத் தெரு. ஒரு முனையில சர்ச், இன்னொரு முனையில போர்ல செத்தவங்க பேர் வெட்டின கல்லு. டூரிஸ்ட்னு எவனாவது வந்தான்னா அவன் வழி தப்பி வந்தவன். அதனால வேடிக்கை பாக்கறதுக்கு இந்த ஊர்க்காரங்களுக்கு இந்த ஊர்க்காரங்கதான். ஒருத்தி உண்டாயிருக்கான்னு இங்க யாரும் வயித்தைப் பாத்துக் கண்டுபிடிக்கறதில்ல. தட்டைப் பாத்துக் கண்டுபிடிப்பாங்க.

அது எப்படின்னா, உண்டானவ பச்சை இறைச்சி தொடக்கூடாது. பூனைகிட்டேர்ந்து வர்ற ஏதோ கிருமியாம், வயித்துப் புள்ளைக்கு ஆகாதாம், எல்லா டாக்டரும் முதல் நாளே சொல்லிடுவாங்க. ஆனா இந்த ஊர்ல சாயங்காலம் ஆனா ஜனங்க வாயில போடறதே பச்சை இறைச்சிதான். சவுஸ்கொலோ. பன்னிக்கறியையும் கொழுப்பையும் வெண்ணெய் மாதிரி மழமழன்னு அரைச்சு, பூண்டு தட்டிப் போட்டு, ஒயின் ஊத்திப் பிசைஞ்சு, குடல்ல அடைச்சு, லேசா புகை காட்டித் தொங்க விட்டுடுவாங்க. சமையல் அடுப்பையே பாக்காது. கத்தியால வழிச்சு ரொட்டில தடவி அப்படியே உள்ள. கல்யாணம் ஆன ஒருத்தி அதை வேண்டாம்னு ஒரு தடவை சொன்னா போதும், மறுநாள் பேக்கரில கேக்காமலே அவளுக்கு ஒரு ரொட்டி கூடப் போடுவாங்க.

ஒர்னெல்லா போன தடவை உண்டானப்போ சொன்னா. ரெண்டு வருஷம் முன்னாடி, பிரிமோ பார்ல, சும்மா ஒரே ஒரு "வேணாம்". அவ மாமியார் நோர்மா யாருன்னா ஊர்ல சவுஸ்கொலோ போடறதே அந்தம்மாதான். கறிக்கடை நோர்மா. அந்தம்மா மருமகளே வேணாம்னா என்ன அர்த்தம்? நோர்மா அன்னிக்கே கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு ஓசில குடுத்து, "எனக்குப் பேரப்புள்ள வருது!"ன்னு கத்துச்சு. கைங்க வந்துச்சு. மீன் வெட்டின கை, தலைக்கு டை அடிச்ச கை, மூக்கு சிந்தின கை, எல்லாம் அவ வயித்து மேல. அப்புறம் ஒரு நாள் எல்லாம் முடிஞ்சு போச்சு. புள்ள வர்ற சேதியை ஊரே தூக்கிட்டு ஓடுச்சு. இல்லாம போன சேதியை மட்டும் ஒருத்தனும் சுமக்கல. கவுன்டர்ல ஒவ்வொருத்தரா வந்து "நம்ம குட்டி எப்படி இருக்கு?"ன்னு கேக்க, ஒவ்வொருத்தருக்கா அவளே வாயைத் திறந்து சொல்லணும். ஒரு அம்மா குட்டி குட்டியா சாக்ஸ் பின்னிட்டு வந்து நீட்டிச்சு. விஷயத்தைக் கேட்டு "ஐயோ பாவமே"ன்னு சொல்லிட்டு, அந்த சாக்ஸைத் திரும்ப பையில போட்டுக்கிட்டுப் போயிருச்சு. அடுத்த மாசம் அதே சாக்ஸ் வேற ஒருத்தி புள்ள கால்ல.

அதை நெனச்சாலே ஒர்னெல்லாவுக்கு இன்னிக்கும் குமட்டும். மசக்கையே வேண்டாம் அதுக்கு.

பெரியவர் நகந்ததும் அடுத்து வந்து நின்னது வில்மா. முடி வெட்டற கடைக்காரி. அவ வர்றதுக்கு முன்னாடி அவ டை நாத்தம் வந்துரும், அவ போனதுக்கு அப்புறமும் அரை மணி நேரம் உக்காந்திருக்கும். கவுன்டர்ல ரெண்டு முழங்கையையும் ஊனிக்கிட்டா.

"சாயங்காலம் வர்றல்ல? சான் மார்த்தீனோ!"

"வராம எங்க போறது."

"உங்கத்தை இந்த வருஷம் முதல் சவுஸ்கொலோவை வெட்டப் போவுது. நீதான் முதல் வாய் வாங்கணும், தெரியும்ல?" வில்மா கண்ணு அவ மூஞ்சிலேர்ந்து மெதுவா கீழ இறங்கி, மறுபடி மூஞ்சிக்கு ஏறுச்சு. "என்னடி, பச்சை ஆலிவ் மாதிரி இருக்கே?"

"ஜலதோஷம்."

"ம்ம்," வில்மா சொன்னா. "ஒரு கிளாஸ் புது ஒயின் உள்ள போனா எல்லா ஜலதோஷமும் பறந்துரும்."

சான் மார்த்தீனோ அன்னிக்கு ஊர்ல புது ஒயின் பீப்பாயைத் திறப்பாங்க. கூடவே நோர்மாவோட புது சவுஸ்கொலோ. ஒயினும் குடிக்காம, சவுஸ்கொலோவும் தொடாம ஒருத்தி அன்னிக்கு பார்ல நின்னா, அதுக்கு மைக் பிடிச்சே சொல்லிடலாம்.

"போகாம இருந்தா?"ன்னு வீட்ல எத்தோரே சட்டையை மாட்டிக்கிட்டே கேட்டான். நல்ல ஆளு, எலக்ட்ரீஷியன், யாராவது திட்டினா கூட சிரிப்பான்.

"போகலைன்னா உங்கம்மா தட்டோட இங்க வரும். பின்னாடியே ஊரும் வரும். படுக்கை வரைக்கும் வந்து நெத்தியைத் தொட்டுப் பாப்பாங்க."

"சரி, அப்போ நான் உன் இடது பக்கம் நிக்கறேன். நீ ரொட்டியை வாங்கு, வாய் கிட்ட கொண்டு போ, என்கிட்ட என்னமோ பேசற மாதிரி திரும்பு. நான் ஒரே வாயில போட்டுடறேன். ஒயினும் அதே மாதிரி. உன் கிளாஸ் என் கைக்கு, என் காலி கிளாஸ் உன் கைக்கு."

"ரெண்டு ஆள் குடிக்கறதை நீ ஒருத்தன் குடிச்சா என்ன ஆகறது?"

"உனக்காக இந்தத் தியாகம் கூடப் பண்ண மாட்டேனா நான்?" பல்லைக் காட்டினான்.

"வாயைக் கழுவிட்டு வா. காபி நாறுது."

இருட்டினதும் தெருவுல இறங்கினாங்க. தெனமும் இந்த நேரம் மொத்த ஊரும் நல்ல துணி போட்டுக்கிட்டு சர்ச்லேர்ந்து கல்லு வரைக்கும், கல்லுலேர்ந்து சர்ச் வரைக்கும் நடக்கும். அவளுக்குப் புடிச்ச நேரம் அது, ஒரு காலத்துல. இன்னிக்கு ஒவ்வொரு அடியும் ஒரு நாத்தம். செஸ்ட்நட் வறுக்கற டின்னு புகை. எவனோட சிகரெட்டோ. சர்ச் கிட்ட ஒரு கிழவரோட கோட்டு, போன குளிர்காலத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் பெட்டிலேர்ந்து எடுத்தது, அந்துருண்டை. பத்தாததுக்கு எதிர்ல வர்றவங்க எல்லாருக்கும் ரெண்டு கன்னத்துலயும் கன்னம் ஒட்டி முத்தம் குடுக்கணும். சென்ட்டு, வேர்வை, ஷேவிங் க்ரீம், மத்தியானம் சாப்பிட்ட வெங்காயம். ஒவ்வொரு கன்னத்துக்கும் அவ மூச்சைப் பிடிச்சு, விட்டு, திரும்ப மூச்சைப் பிடிச்சு. கடலுக்கு அடியில நீந்தற மாதிரி.

"சிரி," எத்தோரே காதுல சொன்னான்.

"சிரிச்சா வாயைத் திறக்கணும். வாயைத் திறந்தா வெளிய வந்துரும்."

பிரிமோ பார்ல நிக்க இடமில்ல. பிரிமோ கவுன்டருக்குப் பின்னாடி கறி அடைச்ச ஆலிவைக் கூடை கூடையா பொரிச்சுக்கிட்டிருந்தான். எண்ணெய் எத்தனாவது நாள் எண்ணெயோ, கறுப்பா நுரைச்சுக்கிட்டிருந்துச்சு. பக்கத்துல பெரிய பானையில தக்காளி போட்ட மாட்டுக்குடல். மூடியைத் திறக்கும்போதெல்லாம் கொட்டில் வாசம் ஒரு அலையா வந்து அவ மூஞ்சில அறையும். பிரிமோ மீசையில எண்ணெய் மினுங்குது. அந்த மீசையைத் தடவின விரலாலயே ஆலிவை எடுத்து ஒவ்வொருத்தர் கையிலயும் வெச்சான்.

"எடுத்துக்கோ ஒர்னெல்லா, சூடா இருக்கு! என்னம்மா இது, ஒண்ணே ஒண்ணு?"

ஆலிவ் வெந்தது, சாப்பிடலாம். வாயில போட்டா. மொறுமொறுன்னு உடைஞ்சு உள்ளேர்ந்து சூடா நெய் மாதிரி ஒரு ரசம் வந்து நாக்குல பரவுச்சு. முழுங்கறதுக்குள்ள அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"பாத்தியா, கண்ணுல தண்ணி வருது! அவ்ளோ ருசி!"ன்னான் பிரிமோ.

சுத்தி எல்லாரும் மென்னுக்கிட்டே பேசறாங்க, பேசிக்கிட்டே மெல்லறாங்க. ஒருத்தர் சிரிக்கும்போது ஒரு குடல் துணுக்கு பறந்து இன்னொருத்தர் ஸ்வெட்டர்ல உக்காந்துச்சு. அவரு அதை எடுத்துப் பாத்துட்டு சாப்பிட்டாரு. சத்தியமா சாப்பிட்டாரு. எல்லாருக்கும் சந்தோஷம். அதுதான் அவளுக்குத் தாங்கல. இத்தனை பேருக்கு சொர்க்கமா இருக்கறது, அவளுக்கு மட்டும் யாரோ வாயில கை விட்டுக் குடையற மாதிரி இருக்கு.

அப்பதான் கைதட்டல் கேட்டுச்சு. நோர்மா வந்துருச்சு. புது ஏப்ரன், உதட்டுல சாயம், ரெண்டு கையிலயும் ஒரு மரப்பலகை. பலகை மேல குழந்தை கை தண்டிக்கு ரெண்டு சவுஸ்கொலோ. கடைக்காரி மாதிரியே வரல, ராணி மாதிரி வந்துச்சு.

"ஏய், வழி விடுங்கடா பட்டினிப் பயலுங்களா! என் கறி மேல மூச்சு விடாதே பிரிமோ, உன் மீசை முடி விழும்!"

கத்தியால தோலைக் கீறிச்சு. உள்ளேர்ந்து இளஞ்சிவப்பா, ஈரமா, வழுவழுன்னு வெளிய வந்துச்சு. பூண்டும் புகையும் பச்சைக் கொழுப்பும் சேந்து ஒரு வாசம் கிளம்பி கூரை வரைக்கும் போச்சு. "ஆஹா"ன்னு ஊரே மூச்சை உள்ள இழுத்துச்சு. ஒர்னெல்லா மட்டும் மூச்சை வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்திக்கிட்டா.

முதல் ரொட்டி மருமகளுக்கு. வாங்கினா, வாய் கிட்ட கொண்டு போனா, திரும்பினா, எத்தோரே லபக்குனு போட்டுட்டான். ஒயினும் அப்படியே. ரெண்டாவது சுத்தும் அப்படியே. சொன்ன மாதிரியே நடந்துச்சு. என்ன, எத்தோரே மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா சிவந்து, காது ரெண்டும் தக்காளி ஆயிருச்சு. மூணாவது கிளாஸுக்கு அப்புறம் யாரோ அவன் தோள்ல கையைப் போட்டு, "வாடா, சீட்டாட ஒரு கை குறையுது"ன்னு இழுத்தாங்க. பய சிரிச்சுக்கிட்டே போயிட்டான். பொண்டாட்டி இருக்காளே, வயித்துல புள்ள இருக்கே, ஒண்ணும் ஞாபகம் இல்ல.

அவ கையில ரொட்டி. இன்னொரு கையில நெறஞ்ச கிளாஸ். பார் சூட்டுல கொழுப்பு உருகி, விரல் இடுக்குல வழிஞ்சு, மணிக்கட்டுக்கு வந்து, ஸ்வெட்டர் கைக்குள்ள போகுது. வெதுவெதுன்னு. யாரோட எச்சிலோ மாதிரி.

"என்னடி?" வில்மா. எங்கிருந்துதான் வந்தாளோ. "பிடிச்சுக்கிட்டே நிக்கற?"

"சாப்பிடறேன்."

"எங்க சாப்பிடற? நானும் வந்ததுலேர்ந்து பாக்கறேன், உன் புருஷன் கன்னம்தான் அசையுது. ஒயினும் அப்படியே இருக்கு." வில்மா குரலைத் தூக்கிக்கிட்டா, பாருக்கே கேக்கற மாதிரி. "ஓஹோ? ஒயினும் இல்ல, சவுஸ்கொலோவும் இல்ல... அப்படியா சங்கதி?"

பக்கத்துல பேச்சு நின்னுச்சு. அந்தப் பக்கமும் நின்னுச்சு. தலைங்க திரும்புது. மெல்லற வாயெல்லாம் அப்படியே பாதியில நின்னு, எண்ணெய் மினுங்கற உதடெல்லாம் சிரிப்பா மாற ஆரம்பிக்குது. ஒருத்தி கையை ஏப்ரன்ல துடைக்கறா. எதுக்குத் துடைக்கறான்னு ஒர்னெல்லாவுக்குத் தெரியும். வயித்துல வைக்கத்தான்.

கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு நோர்மா வந்துச்சு. கையில புதுசா ஒரு ரொட்டி, ஒரு விரல் தண்டிக்குத் தடவினது. "என் மருமக என் கையால குடுத்தாத்தான் சாப்பிடுவா. அப்படித்தானே கண்ணு? ஆ காட்டு."

ரொட்டி மூக்குக்கு நேரா வந்து நின்னுச்சு.

சாப்பிட்டா புள்ளைக்கு என்ன ஆகுமோ. சாப்பிடலைன்னா நாளைக்குக் காலைல ஊரே கவுன்டர்ல. சாக்ஸோட. ரெண்டுக்கும் நடுவுல யோசிக்க நேரமே இல்ல. வாய் தானா திறந்துச்சு, உள்ள இருந்ததுதான் வெளிய வந்துச்சு.

"நாறுது."

"என்னது?"

"நாறுது, அத்தை. இந்தக் கறி நாறுது. எப்படித்தான் திங்கறாங்களோ. கெட்டுப் போன நாத்தம்."

பிரிமோ சட்டியில எண்ணெய் மட்டும் கொதிச்சுக்கிட்டிருக்கு. சான் மார்த்தீனோ அன்னிக்கு, நோர்மா கறியை, நோர்மா மருமகளே. சர்ச்சுக்குள்ள போய் சாமி மூஞ்சில துப்பியிருந்தா கூட இவ்ளோ அமைதி வந்திருக்காது.

நோர்மா கையில இருந்த ரொட்டி கீழ இறங்குச்சு. "என் கறியா?"

"உங்க கறிதான்."

"ஒர்னெல்லா!" சீட்டு மேஜைலேர்ந்து எத்தோரே தள்ளாடிக்கிட்டே எழுந்தான். "அம்மா, அவ அதுக்கு சொல்லல, அவளுக்கு வந்து, இப்போ வந்து..."

அவ திரும்பி ஒரு பார்வை பாத்தா. எத்தோரே உக்காந்துட்டான்.

நோர்மா ரொட்டியை மூக்குகிட்ட கொண்டு போய் மோந்துச்சு. மறுபடி மோந்துச்சு. ஊரே அது மூஞ்சியைப் பாத்துச்சு. அப்போதான் வில்மா தன் கையில இருந்த ரொட்டியை மோந்து பாத்து, மூக்கைச் சுருக்கினா.

"அதானே. எனக்கும் முதல் வாயிலயே லேசா ஒரு இது வந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா எதுக்குச் சொல்லணும்னு பாத்தேன்."

"பூண்டைத் தூக்கலா போட்டப்பவே எனக்குச் சந்தேகம்," வேற ஒருத்தர். "எதையாவது மறைக்கணும்னாத்தானே பூண்டை அள்ளிப் போடுவாங்க?"

"போன வருஷத்து மீதியா இருக்குமோ?"

பலகை மேல ஒரு ரொட்டி வந்து உக்காந்துச்சு. பாதி கடிச்சது, பல்லு தடம் ஈரமா இருக்கு. அப்புறம் இன்னொண்ணு. இன்னொண்ணு. கொஞ்சம் முன்னாடி "ஆஹா"ன்னு கண்ணை மூடினவனெல்லாம் இப்போ நாக்கைத் துடைக்கறான். மூணு துண்டு முழுங்கிட்டு நாலாவதுக்குக் கை நீட்டிக்கிட்டிருந்த ஒரு ஆளு, வாயில மென்னுக்கிட்டிருந்ததைக் காகிதத்துல துப்பி, மடிச்சு, நோர்மா பலகை மேலயே வெச்சான்.

ஒர்னெல்லா வயித்தை இப்போ யாரும் பாக்கல. பாக்கறதை விடு, அவ இருக்கறதே மறந்து போச்சு. அவ ஜெயிச்சுட்டா. ஆனா அந்த மடிச்ச காகிதத்தைப் பாத்ததும், இத்தனை நாள்ல வராத அருவருப்பு வந்துச்சு. கொழுப்பு இல்ல, குடல் இல்ல, டை நாத்தம் இல்ல. இந்த வாய்ங்க. அம்பது வருஷமா நோர்மா கையிலேர்ந்து தின்ன வாய்ங்க, ஒரு வார்த்தையில திரும்பிக்கிச்சு. அந்த ஒரு வார்த்தையும் எந்த வாயிலேர்ந்து வந்துச்சு? அவ வாயிலேர்ந்து. அதை நெனச்சதும் அவ நாக்கே அவளுக்கு அழுகின கறி மாதிரி இருந்துச்சு.

கடிச்ச ரொட்டி, துப்பின காகிதம், எல்லாத்தோடயும் நோர்மா பலகையைத் தூக்கிக்கிட்டு பின்பக்கக் கதவைக் காலால தள்ளிட்டு வெளிய போயிருச்சு. பின்னாடி ஒரு குறுக்குச் சந்து, அதுலதான் கறிக்கடையோட பின்வாசல்.

ஒர்னெல்லா கிளாஸைக் கவுன்டர்ல வெச்சுட்டுப் பின்னாடியே ஓடினா.

"போறா பாரு, மன்னிப்பு கேக்க," வில்மா சொன்னது முதுகுல விழுந்துச்சு. "கதவைச் சாத்தாதீங்கப்பா, நமக்கும் கேக்கட்டும்."

சந்துல ஒரே ஒரு பல்பு. கடை வாசல்ல எலும்பு போடற வாளி. நோர்மா பலகையை ஜன்னல் திண்டுல வெச்சுட்டு, அந்த இளஞ்சிவப்புக் கறியை விரலால வழிச்சு மோந்துக்கிட்டிருந்துச்சு. உதட்டுச் சாயம் கோணிப் போயிருக்கு.

"எது நாறுது? சொல்லு. குடலா? கொழுப்பா?" கோவமே இல்ல அந்தக் குரல்ல. அதுதான் ஒர்னெல்லாவுக்குப் பயமா இருந்துச்சு. "நிஜமாவே எனக்குத் தெரியலடி. நல்லாத்தான் இருக்கற மாதிரி இருக்கு. எனக்கு மூக்கு போயிருச்சா? வயசாயி மூக்கு போயி, தெரியாம ஊருக்கே கெட்ட கறியைக் குடுத்துட்டேனா?"

"அத்தை..."

"மறைக்காம சொல்லு. மூக்கு போச்சுன்னா கடையை இன்னிக்கே மூடிடறேன்."

"உங்க மூக்குக்கு ஒண்ணும் இல்ல. கறியும் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் எல்லாமே நாறுது. தண்ணி கூட நாறுது." திறந்த கதவைப் பாத்துட்டு அவ குரல் கிசுகிசுப்பா இறங்கிருச்சு. "காபி நாறுது. உங்க புள்ளை நாறறாரு. ரெண்டு மாசமா."

நோர்மா விரல் அப்படியே காத்துல நின்னுச்சு. கண்ணு ஒரு தடவை கீழ போச்சு, உடனே மேல வந்துருச்சு. கையைத் தூக்கிச்சு. ஒர்னெல்லா தன்னை அறியாம ஒரு அடி பின்னாடி போனா. நோர்மா அதைப் பாத்துச்சு. பாத்துட்டு, அந்தக் கொழுப்புக் கையை ஏப்ரன்ல துடைச்சு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிச்சு.

"யாருக்குத் தெரியும்?"

"அவருக்கு மட்டும்."

"அந்தக் குடிகாரப் பயலுக்கா? ஐயோ. அவனை முதல்ல வீட்டுக்குத் தள்ளணும்."

"நான் உள்ள போய் சொல்லிடறேன் அத்தை. கறி நல்லா இருக்கு, எனக்குத்தான் இப்படின்னு சொல்லிடறேன். இல்லைன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒருத்தனும் உங்க கடைப் பக்கம் வர மாட்டான்."

"வாயைத் திறந்தேன்னா எலும்பு வெட்டற கத்தியால உன்னை ரெண்டாப் போட்டுருவேன்." கிசுகிசுன்னுதான் சொல்லுச்சு, ஆனா கடைக்காரி குரல் திரும்பி வந்துருச்சு. "வர வேணாம் போ. சூப்பர் மார்க்கெட்ல பிளாஸ்டிக் சுத்தி வெச்சிருக்கானே, அதை வாங்கி தின்னுட்டு வயிறு கட்டிக் கெடக்கட்டும். ஸ்கேன் எப்போ?"

"இந்த மாசக் கடைசில."

"அதுவரைக்கும் நாறட்டும். என் கறிதானே நாறுது. நாறிட்டுப் போகுது."

ஒர்னெல்லா என்னமோ சொல்ல வாயைத் திறந்தா. அந்த நேரம் பாத்துத்தான் காத்து வாளிப் பக்கமிருந்து அடிச்சுச்சு. எலும்பு, ரத்தம் உறைஞ்ச துணி, மரத்தூள். அதுக்கு மேல அவளால முடியல. வாளி மேலயே குனிஞ்சா. ஆலிவ், மத்தியானம் சாப்பிட்ட ரொட்டி, காலைல குடிச்ச தண்ணி, எல்லாம் சத்தத்தோட வந்துச்சு.

பார் கதவு கிரீச்னு இன்னும் கொஞ்சம் திறந்துச்சு. வெளிச்சம் சந்துக்குள்ள நீளமா விழுந்துச்சு. வில்மா நிழல்.

நோர்மா ஒரே எட்டுல மருமகளுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல வந்து நின்னுக்கிச்சு. ஒரு கை பின்னாடி போய் ஒர்னெல்லா முடியைக் கொத்தா பிடிச்சு மூஞ்சில விழாம தூக்கிக்கிச்சு. வாய் மட்டும் பாரைப் பாத்து வெடிச்சுச்சு.

"ஊரே கேளுங்க! என் கறி நாறுதாம் இவளுக்கு! முட்டை அவிக்கத் தெரியாதவளுக்கு! வெந்நீரையே தீய விடறவளுக்கு! என் புள்ளையை மயக்கி இழுத்துட்டுப் போனப்பவே தெரியும்டி நீ எப்படிப்பட்டவன்னு! இனிமே என் கடை வாசல்ல காலை வெச்ச, காலை வெட்டி சூப்பு வெச்சுருவேன்! எட்டிப் பாக்கற வில்மா, என்னடி பாக்கற? உன் டை டப்பாவை விடவா என் கறி நாறுது?"

பாருக்குள்ள "ஓ"ன்னு சத்தம். யாரோ விசிலடிச்சான். நாளைக்குக் காலைல பேக்கரில, சர்ச்ல, போஸ்ட் ஆபீஸ் வரிசைல, எல்லா இடத்துலயும் இதேதான் ஓடும். மாமியா மருமக சண்டை. வேற எதுவுமே ஓடாது. வில்மா நிழல் சந்தோஷமா உள்ள ஓடிச்சு, முதல்ல சொல்றது யாருன்னு போட்டி வேற இருக்கே.

நோர்மா மூச்சு வாங்க நிறுத்திச்சு. குனியாமலே, உதட்டை அசைக்காமலே, "இன்னும் வருதா?"ன்னு கேட்டுச்சு.

வாளிக்குள்ளேர்ந்து ஒர்னெல்லா தலையாட்டினா. "வருது."

நோர்மா முடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. நெஞ்சு நெறைய மூச்சை இழுத்துச்சு.

"இன்னும் கேளுங்க!"